தூற்றும் எந்திரத்தின் விளக்கு

குணசேகரன் அந்தக் கேள்வியைக் கேட்டபோது மாயவரம் கோர்ட்டின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்த அம்சம், பக்கத்தில் இருந்த மருமகள் கனிமொழியின் தொடையில் மெல்லக் கிள்ளினாள். நல்ல கேள்வி என்று அர்த்தம்.

அம்சத்தின் மகன் புகழேந்தி குற்றவாளிக் கூண்டில் நின்றான். நெல் கொள்முதல் நிலையத்தில் லோடுமேன் சேரனைக் கழியால் அடித்து ஒரு கண்ணைப் போக்கிவிட்டான் என்று வழக்கு. எதிரே சாட்சிக் கூண்டில் வாகைக்குடி அமிர்தலிங்கம் நின்றார். புகழேந்தியின் வக்கீல் குணசேகரன் கறுப்பு அங்கியை இழுத்துவிட்டுக்கொண்டு, குரலை உயர்த்தாமல் கேட்டார்.

"பொழுது போயிடுச்சு. மழை வேற வருது. ஊர்ல கரண்டும் இல்ல. அப்புறம் எந்த வெளிச்சத்துல பாத்தீங்க?"

அமிர்தலிங்கம் யோசிக்கவே இல்லை.

"தூத்துற மெஷினுக்கு ஜெனரேட்டர் ஓடிக்கிட்டு இருந்துச்சுங்கய்யா. அதுல ஒரு பெரிய லைட்டு கட்டியிருந்தாங்க. பகல் மாதிரி இருந்துச்சு."

நீதிபதி அந்தப் பதிலைத் திருப்பிச் சொல்ல, தட்டச்சு செய்கிற பெண் அடித்தாள். அரசுத் தரப்பு மேசையில் இருந்த மதிவதனி தலையைக் குனிந்து வழக்குக் கட்டைப் பார்த்துக்கொண்டாள். குணசேகரன் இன்னும் இரண்டு மூன்று கேள்விகள் கேட்டார். என்ன கேட்டோம் என்பது அவர் காதிலேயே விழவில்லை.

நடந்தது என்னவென்று அந்த அறையில் இரண்டு வக்கீல்களுக்குத்தான் புரிந்தது. அமிர்தலிங்கம் போலீசில் கொடுத்த வாக்குமூலத்தில் விளக்கைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. மதிவதனியும் விசாரிக்கும்போது அதைக் கேட்க மறந்துவிட்டாள். இருட்டில், மழையில், வெளிச்சமே இல்லாமல் ஒருவர் பார்த்ததாகச் சொன்ன சாட்சி. குணசேகரன் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் போதும். கடைசி வாதத்தில் எழுந்து, வெளிச்சம் இருந்ததாக ஒருவரும் சொல்லவில்லை என்று சொல்லியிருக்கலாம். அடிபட்ட சேரன் குனிந்திருந்ததால், அடி எப்படி விழுந்தது என்று பார்க்கவில்லை. கண்ணால் பார்த்த சாட்சி என்று அந்த வழக்கில் இருந்தது அமிர்தலிங்கம் ஒருவர்தான்.

குணசேகரன் போன ஆட்சியிலும் அதற்கு முந்தின ஆட்சியிலும் அரசு வழக்கறிஞராக இருந்தவர். சாட்சி எதையாவது விட்டுவிட்டால் எழுந்து கேட்டு வாங்கிப் பதிய வைப்பதுதான் அத்தனை வருஷமும் அவர் வேலை. வயலுக்குப் போகிறவனுடைய கால், வரப்பில் நண்டு வளையைப் பார்த்ததும் தானாக மிதித்து அடைக்கும். அவர் நாக்கும் அப்படித்தான் பழகியிருந்தது. ஆட்சி மாறியது, பதவி போனது, அறைக் கதவில் இருந்த பெயர்ப்பலகையைக் கழற்றினார்கள். நாக்கிடம் யாரும் சொல்லவில்லை.

மத்தியான இடைவேளையில் மதிவதனி அவரை வராந்தாவின் கோடியில் பிடித்தாள். அவரிடம் ஜூனியராக இருந்து தொழில் கற்றவள்.

"சார்…"

"சொல்லும்மா."

"நான் மறந்துட்டேன் சார். கேட்கவே இல்ல. நீங்க இருந்தப்ப இப்படி மறந்திருந்தா கட்டத் தூக்கி என் முன்னாடி போட்டிருப்பீங்க."

"ம்."

"உங்களுக்கு நன்றி சொல்றதா, மன்னிப்புக் கேக்குறதான்னு தெரியல சார்."

"ரெண்டும் வேணாம். போய்ச் சாப்பிடு."

அவள் போகாமல் நின்றாள். தன்னைப் பார்த்து அவளுக்குப் பாவமாக இருக்கிறது என்பது அவருக்குத் தெரிந்தது. திட்டினால்கூடத் தாங்கியிருப்பார். அந்தப் பக்கம் அம்சம் ஒரு துணிப்பையைத் தூக்கிக்கொண்டு அவரைத் தேடி வேகமாக வந்தாள். பையில் ஒரு சீப்பு வாழைக்காய் இருந்தது.

"ஐயா, நல்லாக் கேட்டீங்க ஐயா! அந்த மனுசன் மூஞ்சிய நேராப் பாத்து நச்சுன்னு கேட்டீங்க. எனக்கு வயித்துல பாலு வார்த்த மாதிரி இருந்துச்சு."

குணசேகரன் வாழைக்காயை வாங்கிக்கொண்டார்.

*

வாகைக்குடிக்குள் கார் போகாது. கார்த்திகை மழையில் வாய்க்கால் கரை பாதி இடிந்து பாதைமேல் கிடந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை குணசேகரன் குத்தாலம் சாலையிலேயே காரை நிறுத்திவிட்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தார். இரண்டு பக்கமும் சம்பாப் பயிர் முழங்கால் உயரம் நின்றது. தண்ணீர் வடிய வழியில்லாமல் சில வயல்களில் பயிரின் கழுத்து வரைக்கும் நின்றது. வெட்டிவிட்ட மடைகளில் கலங்கல் தண்ணீர் இரைச்சலோடு ஓடிக்கொண்டிருந்தது.

மேட்டு வயல் ஒன்றில் பெண்கள் களை எடுத்துக்கொண்டிருந்தார்கள். முதுகில் உரச் சாக்கை வெட்டிக் கொங்காணியாகப் போட்டிருந்தார்கள். ஒருத்தி ஏதோ சொன்னாள். இன்னொருத்தி இடுப்பை நிமிர்த்தி, கை நிறையக் கோரையோடு நின்று, ஆண்குரலில் கேட்டாள்.

"ஏண்டி பூவு, நேத்து என் புருசன் கடைத்தெருவுல நின்னான்னு சொன்னியே. எந்த வெளிச்சத்துல பாத்த?"

வயல் முழுக்கச் சிரிப்பு. பூவம்மாள் என்கிற அந்தப் பெண் சேற்றை அள்ளி அவள்மேல் வீசினாள். "தூத்துற மெஷினு லைட்டுலதான் பாத்தேன், போடி" என்றாள். இன்னும் சிரிப்பு.

குணசேகரன் வரப்பில் நின்றுவிட்டார். அவர் கேள்வி அவருக்கு முன்னால் ஊருக்கு வந்து சேர்ந்திருந்தது. வேட்டியை மடித்துக் கட்டிய ஆளைப் பார்த்ததும் பெண்கள் சட்டென்று அடங்கிக் குனிந்துகொண்டார்கள். அந்தக் கூட்டத்திலிருந்து அம்சம் கையை உதறிக்கொண்டு ஓடிவந்தாள்.

"ஐயா! நீங்களா? சொல்லியனுப்பியிருந்தா புகழு வண்டி எடுத்துக்கிட்டு வந்திருப்பானே! ஏ பூவு, இவருதான்டி எங்க வக்கீலு. கவர்மெண்டு வக்கீலா இருந்தவரு."

"கும்புடுறேங்க" என்றாள் பூவம்மாள், சேற்றுக் கையைக் கூப்பி. "உங்க கேள்விய வச்சுத்தான் ரெண்டு நாளாக் களை எடுக்கிறோம்."

"சீ, வாய மூடு" என்றாள் அம்சம். அவள் முகத்தில் பெருமை தாங்கவில்லை.

அவரை வக்கீலாக வைக்கச் சொல்லி ஊரே சொன்னது. அவர் எழுந்து நின்றால் ஜட்ஜே பேனாவை மூடிவிடுவார் என்றார்கள். அந்தப் பக்கம் இருந்து உள்ளே தள்ளினவருக்கு இந்தப் பக்கம் இருந்து வெளியே எடுக்கத் தெரியாதா என்றார்கள். ஒன்றிரண்டு பேர் மட்டும், பழைய கவர்மெண்டு ஆளு, சாய்கிறது அந்தப் பக்கமாத்தான் இருக்கும் என்றார்கள். அம்சம் அவர்களோடு பேச்சையே நிறுத்திவிட்டாள்.

வீடு காலனியின் கடைசியில் இருந்தது. அரசாங்கம் கட்டிக்கொடுத்த ஒற்றை அறை, முன்பக்கம் தகரம் போட்ட தாழ்வாரம். அம்சத்தின் மாமனார் பண்ணையாளாக இருந்து செத்தவர். அம்சமும் அவள் புருஷனும் கூலிக்கு நட்டவர்கள். புகழேந்திதான் முதல்முதலாகக் குத்தகைக்கு நிலம் பிடித்து, தன் பெயரில் சிட்டா அடங்கல் வாங்கி, கொள்முதல் நிலையத்துக்குத் தன் நெல்லைக் கொண்டுபோனவன். அங்கேதான் எல்லாம் நடந்தது.

தாழ்வாரத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டார்கள். கனிமொழி உள்ளே இருந்து எட்டிப் பார்த்து, "வாங்க சார்" என்றாள். பிளஸ் டூ படித்தவள். கொஞ்ச நாள் குத்தாலத்தில் ஒரு மருந்துக்கடையில் நின்றிருக்கிறாள். அம்சம் மருமகளின் காதில் ஏதோ சொன்னாள். கனிமொழி சைக்கிளை எடுத்துக்கொண்டு போய், கடையிலிருந்து மூடி திறக்காத தண்ணீர் பாட்டிலும் ஒரு ஆரஞ்சுக் கலரும் வாங்கிவந்து நாற்காலிப் பக்கத்தில் வைத்தாள்.

அடுப்பில் நண்டு ரசம் கொதித்துக்கொண்டிருந்தது. மிளகும் பூண்டும் வாசம் தூக்கியது. மழை நாளில் வயல் நண்டை இடித்துப் பிழிந்து வைக்கிற ரசம். குணசேகரனுக்குப் பசித்தது. இந்த வீட்டில் அவர் சாப்பிட மாட்டார் என்று அவர்களாகவே முடிவு செய்திருந்தார்கள். சாப்பிடுவேன் என்று அவரும் ஒருநாளும் சொன்னதில்லை. பாட்டிலைத் திறந்து குடித்தார். கனிமொழி அதைப் பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

"புகழ் எங்க?"

"பம்பு செட்டு ஓட்டுறான்யா, வயத் தண்ணிய எறைக்க. கூப்புடவா?"

"இருக்கட்டும். உங்ககிட்டயும் மருமககிட்டயும் முதல்ல சொல்லணும். கனிமொழியையும் கூப்பிடுங்க."

கனிமொழி கதவு நிலையில் சாய்ந்து நின்றாள். அம்சம் தரையில் உட்கார்ந்தாள். கால் விரல்களுக்கு நடுவில் சேறு காய்ந்து வெடித்திருந்தது. நல்ல சேதி கேட்கப் போகிறவள் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டாள்.

குணசேகரன் காரில் வரும்போது எப்படிச் சொல்வது என்று நான்கைந்து விதமாக யோசித்திருந்தார். எதுவும் வாயில் வரவில்லை.

"அன்னைக்குக் கோர்ட்டுல நான் ஒரு கேள்வி கேட்டேன்ல."

"கேக்காம? நம்ம ஊரு பூரா அதே பேச்சுத்தானே!"

"அத நான் கேட்டிருக்கக் கூடாது."

அம்சம் சிரித்தாள். "ஏன்யா, அந்த மனுசனுக்குக் கோவம் வந்துடும்னா?"

"இல்லம்மா. அவரு லைட்ட பத்தி அதுவரைக்கும் எங்கயும் சொல்லல. போலீஸ்லயும் சொல்லல. அரசாங்கத் தரப்புலயும் கேக்கல. வெளிச்சமே இல்ல, அவரு எப்படிப் பாத்திருக்க முடியும்னு நான் பேசி ஜெயிச்சிருக்கலாம். நானே கேட்டு, நானே லைட்ட போட்டுக் கொடுத்துட்டேன். இனிமே அவரு பாத்தது பாத்ததுதான்."

தகரத்தில் மழை சொட்டத் தொடங்கியது. அம்சம் மருமகளைத் திரும்பிப் பார்த்தாள், யாராவது தமிழில் எடுத்துச் சொல்ல வேண்டும் என்பது போல.

"கேஸு நமக்கு எதிராப் போயிடும்கிறாரு அத்த" என்றாள் கனிமொழி.

"அப்ப… நான் அங்க உக்காந்து சந்தோசப்பட்டேனே" என்றாள் அம்சம். "ஊருல வந்து எல்லார்கிட்டயும் சொன்னேனே. அமிர்தலிங்கம் பொண்டாட்டிகிட்டகூடக் குழாயடியில வச்சு வலியப் போய்ச் சொன்னேனே."

அவள் முந்தானையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டாள். அழவில்லை. கூசிப்போயிருந்தாள். வயலில் சிரித்த அந்தச் சிரிப்பெல்லாம் இப்போது அவளைப் பார்த்துச் சிரித்த மாதிரி ஆகிவிட்டது.

கனிமொழி நிலையிலிருந்து நகரவில்லை.

"வாங்கிட்டுக் கேட்டீங்களா சார், வாங்காமக் கேட்டீங்களா?"

"ஏ புள்ள!" என்றாள் அம்சம்.

"கேக்கட்டும்மா. யார்கிட்டயும் எதுவும் வாங்கல. பழக்கதோஷம். அத்தன வருஷம் அந்தப் பக்கம் நின்னு கேட்ட வாயி. கேட்டு முடிச்சப்புறம்தான் நான் எந்தப் பக்கம் நிக்கிறேன்னே எனக்கு ஞாபகம் வந்துச்சு."

"வாங்கியிருந்தாப் பரவாயில்ல சார்" என்றாள் கனிமொழி. "வாங்குனவனத் திட்டலாம். மண்ண வாரித் தூத்தலாம். உங்கள என்ன செய்யிறது?"

குணசேகரன், ஆட்சேபணை இல்லை என்று கையெழுத்துப் போட்டுத் தருகிறேன், வேறு வக்கீல் வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லத்தான் வந்திருந்தார். அதைச் சொன்னார். சொல்லும்போதே அது ஓடிப்போகிறவன் பேச்சாக அவருக்கே கேட்டது.

"வேற வக்கீலு வந்து அந்த லைட்ட அணைச்சிடுவாரா?" என்றாள் கனிமொழி.

"அது முடியாது."

"அப்ப எதுக்கு?"

அந்த நேரத்தில் புகழேந்தி வந்தான். தலையில் துண்டு, உடம்பெல்லாம் டீசல் வாடை. வக்கீலைப் பார்த்ததும் துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, தாழ்வாரத்துக்கு வெளியே மழையிலேயே நின்றான்.

"வணக்கம் சார்."

"உள்ள வா. நனையாத."

"இருக்கட்டும் சார்."

"உள்ள வாங்க" என்றாள் கனிமொழி. "சார் உங்கள மாட்டி விட்டுட்டேன்னு சொல்ல வந்திருக்காரு. நின்னு கேட்டா என்ன, உக்காந்து கேட்டா என்ன?"

அவளே சொன்னாள், குணசேகரன் சொன்னதைவிடத் தெளிவாக. புகழேந்தி தூணைப் பிடித்துக்கொண்டு கேட்டான். கேட்டு முடித்ததும் அவன் முகத்தில் கோபம் வரவில்லை. ஏதோ புரியாத மாதிரி நெற்றியைச் சுருக்கினான்.

"லைட்டு எரிஞ்சது நிஜம்தானே சார்" என்றான்.

குணசேகரன் நிமிர்ந்து உட்கார்ந்தார். "என்ன?"

"அமிர்தலிங்கம் மாமா பொய் சொல்லல. ஜெனரேட்டர் லைட்டு எரிஞ்சுது. நல்ல வெளிச்சம். உங்களுக்குத் தெரியாதா?"

"நீ சொல்லவே இல்லையே."

"நீங்க கேக்கவே இல்லையே சார்."

அவன் குறையாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னான்.

"நானும் ஒவ்வொரு தடவையும் நெனைப்பேன், இன்னிக்குக் கேப்பாரு, இன்னிக்குக் கேப்பாருன்னு. நீங்க போலீஸ் எழுதுன பேப்பரத்தான் வாங்கிப் படிப்பீங்க. படிச்சிட்டு, சரி போயிட்டு வான்னுடுவீங்க. சரி, கவர்மெண்டு வக்கீலா இருந்தவரு, ஆளப் பாத்தாலே கண்டுபிடிச்சிடுவாரு போலன்னு நெனைச்சேன். நீங்க கேக்காததுனாலயே உங்களுக்கு எல்லாம் தெரியும்னு நெனைச்சிட்டேன்."

குணசேகரன் தண்ணீர் பாட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தார். குற்றம் சாட்டப்பட்டவனிடம் பேசுவது அரசு வக்கீலின் வேலை இல்லை. அவர்கள் எப்போதும் இரண்டு போலீஸ்காரருக்கு நடுவில், தலையைக் குனிந்துகொண்டு, தூரத்தில் நின்றார்கள். அவர்களைப் பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம் காகிதத்தில் இருந்தது. இந்தப் பக்கம் வந்த பிறகும் அவர் காகிதத்தோடுதான் பேசிக்கொண்டிருந்தார். கேட்கக் கூடாத ஆளிடம் கேட்டது மட்டும் தப்பில்லை. கேட்க வேண்டியவனை ஒன்றரை வருஷமாக வாசலில் நிற்க வைத்திருந்தார். கோர்ட்டில் நடந்ததுகூட அவருக்கு இவ்வளவு கூச்சத்தைத் தரவில்லை.

"உக்காரு" என்றார். "அன்னைக்கு என்ன நடந்துச்சு? சொல்லு."

அம்சம் கையை ஊன்றி எழுந்தாள். "நான் மாட்டப் பாத்துட்டு வர்றேன். தூறலா இருக்கு."

"மாடு கொட்டாயிலதான் நிக்கிது. உக்காருங்க அத்த" என்றாள் கனிமொழி.

"நான் எதுக்கு…"

"நீங்களும் ஒரு நாளும் கேக்கல. நானும் கேக்கல. வேற மாதிரி சொல்லிடுவாரோன்னு பயந்துக்கிட்டு, சோத்த மட்டும் போட்டுக்கிட்டு இருக்கோம். இன்னிக்குக் கேட்டுடுவோம்."

அம்சம் சுவரோரம் போய் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தாள்.

புகழேந்தி தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

"குறுவை அறுத்து, நெல்லக் கொண்டுபோய்க் கொட்டிட்டு, வாரக்கணக்காக் கெடந்தோம். ஈரம் சாஸ்தின்னு எடுக்கல. பகல்ல காயப்போட்டு, சாயங்காலம் குமிச்சு மூடி, மறுநாளு மறுபடி பிரிச்சுக் காயப்போட்டு. மொளை விட்டுடுமோன்னு ராத்திரில கைய விட்டுப் பாத்துக்கிட்டே இருப்பேன். உள்ளுக்குள்ள சூடு தெரியும். அன்னைக்கு இருட்டுன ஒடனே மேற்கால இருந்து மழை எறங்குச்சு. எல்லாரும் தார்ப்பாய்க்கு ஓடுறாங்க. நான் மூங்கில் கழிய ஊன்றி, அது மேல தார்ப்பாயப் போட்டு, கயித்த இழுத்து முளையில கட்டியிருந்தேன், காத்து போகட்டும்னு. லோடுமேன் சேரன் வந்து குனிஞ்சு முளையில இருந்து கயித்த அவுக்குறான். வேற ஒருத்தரு குவியல மூட அந்தத் தார்ப்பாய எடுத்துட்டு வரச் சொல்லி அவன அனுப்பியிருக்காங்க. அவனும் என்ன செய்வான், சொன்னத செய்யிற ஆளு."

"நீ எங்க நின்ன?"

"குவியலுக்கு இந்தத் தலைப்புல. கயித்தோட இன்னொரு முனை என் கையில. விடுடான்னேன். அவன் மழை சத்தத்துல கேக்காம அவுத்துட்டான். நான் வெடுக்குன்னு இழுத்தேன் சார்."

அவன் நிறுத்தினான். துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"கோவத்துலதான் இழுத்தேன். எங்க நெல்லுன்னா மட்டும் நனைஞ்சா பரவால்லையாடான்னு ஒரு கோவம். ஊன்றியிருந்த கழி அப்படியே என் பக்கம் வளைஞ்சு, அடிப்பக்கம் பிடுங்கிக்கிட்டு அவன் முகத்துல போய் அடிச்சுது. அவன் கத்துனான். நான் ஓடிப்போய் அவன் மேல கெடந்த கழியத் தூக்குனேன். தூக்கும்போதுதான் அமிர்தலிங்கம் மாமா குவியலச் சுத்திக்கிட்டு வந்தாரு. என் கையில கழி. கீழ சேரன், கண்ணப் பொத்திக்கிட்டு, விரலுக்கு நடுவுல ரத்தம். அந்த லைட்டு வெளிச்சத்துல எல்லாம் நல்லாத் தெரிஞ்சுது. அவரு பாத்தது அதத்தான்."

"அதுக்கு முன்னாடி அவரு எங்க இருந்தாரு?"

"குவியலுக்கு அந்தாண்ட. ஆள் ஒசரம் குவியல். அவரு குவியல மூடிக்கிட்டு இருந்தாரு. கழி மேல எழும்பி எறங்குனது தெரிஞ்சிருக்கும். என் கை தெரிஞ்சிருக்காது."

"போலீஸ்ல இதச் சொன்னியா?"

"அடிச்சியான்னாங்க. இழுத்தேன்னேன். அதுக்கு மேல சொல்ல விடல."

குணசேகரன் கண்ணை மூடிக்கொண்டார். வெளிச்சம் இல்லை என்கிற அவருடைய வாதம் முதலிலிருந்தே பொய். அமிர்தலிங்கம் உண்மையைச் சொன்னார். கேட்க வேண்டிய கேள்வி வேறு. குவியலுக்கு எந்தப் பக்கம் நின்றீர்கள், அடித்ததைப் பார்த்தீர்களா அல்லது கழியோடு நின்றதைப் பார்த்தீர்களா? அவ்வளவுதான். ஊரில் நெல் குவியல் கட்டின எவனும் அதைக் கேட்டிருப்பான்.

"சேரன எங்கயாச்சும் பாக்குறியா?"

"டீக்கடைக்கு வருவான். கண்ணுல பச்சைத் துணி கட்டிக்கிட்டு. அவன் வந்தா நான் கெளாஸ வச்சுட்டுப் போயிடுவேன்" என்றான் புகழேந்தி. "அடிக்கலன்னு நான் சொல்றது நிஜம்தான் சார். ஆனா ஒரு கண்ணு போனது என் கையாலதானே."

சுவரோரம் இருந்து அம்சத்தின் குரல் வந்தது. "இத என்கிட்ட சொல்லியிருக்கலாம்லடா."

"எப்படிம்மா சொல்றது? நீ ஊருல எல்லார்கிட்டயும் எம் மவன் கையே ஓங்க மாட்டான்னு சொல்லிக்கிட்டு இருந்த."

மழை பலமாகப் பிடித்துக்கொண்டது.  குறைந்தபோது குணசேகரன் சொன்னார்.

"அமிர்தலிங்கத்த மறுபடியும் கூண்டுல ஏத்தச் சொல்லி மனுப் போடலாம். ஆனா ஏற்கெனவே குறுக்கு விசாரணை முடிஞ்ச சாட்சி. ஏன் அன்னைக்கே கேக்கலன்னு கோர்ட்டு கேக்கும். காரணம் எழுதணும்."

"என்ன காரணம் எழுதுவீங்க?" என்றாள் கனிமொழி.

குணசேகரன் தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகினார்.

"எங்ககிட்ட, இந்தத் தாவாரத்துல, மூணு பேருக்கு முன்னால சொல்லிட்டீங்க. நாங்க யாரு, எங்ககிட்ட சொல்றதுல உங்களுக்கு என்ன கொறஞ்சிடப் போகுது? இதையே அங்க சொல்லுவீங்களா? நீங்க பேரு போட்டு உக்காந்திருந்த எடத்துல?"

"கனி, போதும்" என்றான் புகழேந்தி.

"சரிதான் அவ கேக்குறது" என்றார் குணசேகரன்.

அவர் எழுந்தபோது அம்சம் குடை கொண்டுவந்தாள். அவர் போகிற வழியெல்லாம் அவரோடு நடந்துவந்தாள். களை எடுக்கிற பெண்கள் மழைக்கு வரப்பிலேயே குந்தியிருந்தார்கள். அந்த வயலைத் தாண்டும்போது அம்சம் குடையைச் சாய்த்து இருவர் முகத்தையும் மறைத்துக்கொண்டாள்.

*

மனு விசாரணைக்கு வந்த அன்று கோர்ட்டில் கூட்டம் அதிகம். இளம் வக்கீல்கள் சுவரோரம் வரிசையாக நின்றார்கள். அதில் பாதிப்பேருக்குக் குணசேகரனை அரசு வழக்கறிஞராகத் தெரியும். அவரைப் பார்த்துப் பயந்தவர்கள்.

மதிவதனி எழுந்து ஆட்சேபித்தாள். ஒரு தரப்பு விட்டுவிட்டதை அடைத்துக்கொள்வதற்காகச் சாட்சியைத் திரும்ப அழைக்க முடியாது என்றாள். அவர் எத்தனையோ தடவை இதே அறையில் சொன்ன வார்த்தைகள். அவர் நிறுத்துகிற இடத்தில் நிறுத்தி, அவர் அழுத்துகிற இடத்தில் அழுத்தினாள். சொல்லிவிட்டு அவரைப் பார்க்காமல் உட்கார்ந்தாள்.

நீதிபதி மனுவோடு இருந்த பிரமாணப் பத்திரத்தைப் புரட்டினார். ஒரு இடத்தில் நின்று, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, மறுபடி படித்தார். பிறகு மெதுவாக, பக்கத்தில் இருப்பவருக்குச் சொல்கிற குரலில் பேசினார்.

"மிஸ்டர் குணசேகரன், கொஞ்சம் கிட்ட வாங்க."

அவர் போனார்.

"சாட்சிய மறுபடியும் கூப்பிட நான் அனுமதி கொடுக்கப் போறேன். பையனோட வாழ்க்க இருக்கு. அதுல பிரச்சன இல்ல. ஆனா இந்த வரி." அவர் விரலால் தொட்டுக் காட்டினார். "'நடந்தது என்னவென்று என் கட்சிக்காரரிடம் நான் ஒருமுறைகூடக் கேட்டதில்லை.' இது ரெக்கார்டுல நின்னுடும். மேல்கோர்ட்டுக்குப் போனா அங்கயும் படிப்பாங்க. எவ்வளவு சீனியர் நீங்க. இத எடுத்துடுங்க. அன்னைக்கு உடம்பு சரியில்லன்னு ஒரு வரி எழுதிக் குடுங்க, போதும்."

அவர் தாழ்ந்த குரலில்தான் சொன்னார். ஆனால் அறை அமைதியாகிவிட்டதால் எல்லாருக்கும் கேட்டது. மதிவதனி தலையைத் தூக்கி, ஒத்துக்கொள்ளுங்கள் என்பது போல அவரைப் பார்த்தாள்.

அந்த நல்ல மனதுக்கு முன்னால் நிற்பது குணசேகரனுக்குக் கஷ்டமாக இருந்தது. காது மடல் இரண்டும் சுட்டன.  உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டால் நாளைக்கு வராந்தாவில் எல்லாரும் எப்போதும் போல வணக்கம் சொல்வார்கள். ஒரு வரிதான்.

"அன்னைக்கு எனக்கு உடம்பு நல்லாத்தான் இருந்துச்சுங்க ஐயா" என்றார்.

நீதிபதி கொஞ்ச நேரம் அவரையே பார்த்துவிட்டுப் பேனாவை எடுத்தார். சுவரோரம் நின்ற வக்கீல்கள் எல்லாரும் தங்கள் கையில் இருந்த கட்டுகளைப் பார்த்தார்கள். மின்விசிறிச் சத்தமும் பேனா ஓடுகிற சத்தமும் மட்டும் இருந்தன. குணசேகரன் தன் இடத்துக்குத் திரும்பி நடக்க வேண்டியிருந்தது. அந்த நாலு தப்படியில் அவர் முகத்தை யாரும் பார்க்கவில்லை. கூண்டில் நின்ற புகழேந்தி மட்டும், கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தான்.